ஒழுங்காகச் செத்தவன்

அத்தியாயம் ஆறு

“பொணத்துக்கு மட்டும் ஐடி கேக்க மாட்டேங்கிறான் பாத்தீங்களா, டாக்டரம்மா.”

கண்டக்டர் சொன்னது உண்மைதான். வாசலில் நின்ற காவலாளி, பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையை வாங்கி ஆணியில் மாட்டினான். கைபேசிகளைக் கூடையில் போடச் சொன்னான். இறந்தவர்களின் சொந்தக்காரர்களாக நடிக்க வந்தவர்களுக்கும் அதே கதிதான். ஆனால் பிணமாகப் படுக்க வந்தவர்கள் அரைக்கால் சட்டையும் தோளில் வெள்ளைத் துணியுமாக வரிசையில் போனபோது மட்டும், வெளியே வரும்போது காட்டினால் போதும் என்று தலையை ஆட்டி விட்டுவிட்டான்.

“சட்டையே இல்லாதவன் அட்டையை எங்க சொருகுவான்?” என்றார் டாக்டரம்மா.

“அதுவும் சரிதான். செத்தவன் டிக்கெட் எடுத்ததா நானும் கேள்விப்பட்டதில்ல.”

கண்டக்டர் நிஜமாகவே கண்டக்டராக இருந்தவன். பாதி ஆயுளைப் பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக் கழித்தவன். வேலை போன பிறகு ஒரு நாள் பல்வலியோடு டாக்டரம்மாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பல் போயிற்று, ஆள் அங்கேயே தங்கிவிட்டான். டாக்டரம்மாவுக்கும் அப்போது பல் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப் போயிருந்தது. கிளினிக்கை மூடிவிட்டு அதே அறையில் துப்பறியும் நிலையம் திறந்தார். நாற்காலியை மட்டும் விற்கவில்லை. ஒரு மனிதனை வாய் திறக்க வைப்பதற்கு அதைவிட நல்ல சாமானை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவர் கட்சி.

போன வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறந்தவள் ஒரு தையல்காரி. தாயும் தகப்பனும் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அந்தத் தம்பி ஒரு தொழிற்சாலையில் ஏஜெண்டு மூலமாக வேலைக்குப் போனான். இரண்டு வருடத்துக்கு முன் தொழிலாளர் விடுதி ஒரு மத்தியான வேளையில் எரிந்து போனது. அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து போன் இல்லை. கம்பெனியில் கேட்டால், அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், தீயில் இறந்த அத்தனை பேருக்கும் பெயர் தெரிந்துவிட்டது, எல்லோரையும் அடக்கம் செய்தாகிவிட்டது என்றார்கள். கணக்கு நேராக இருந்தது. தம்பிக்குத்தான் அதில் இடம் இல்லை.

“செத்துட்டான்னாலும் பரவால்ல டாக்டரம்மா,” என்று அவள் சொன்னாள். “எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. தெனமும் ராத்திரி கதவைத் தாழ் போடாமப் படுக்கறேன்.”

டாக்டரம்மாவுக்குக் கிடைத்த நூல் ஒன்றே ஒன்று. அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோரைப் பல்லையும் கைரேகையையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒருவனைத்தான் சாவியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். எரிந்த உடலின் மூடிய கைக்குள் ஒரு பெட்டகச் சாவி இருந்தது. சாவியில் எண், எண்ணுக்கு ஒரு பெட்டகம், பெட்டகத்துக்கு ஒரு பெயர். அதைக் கண்டுபிடித்த மருத்துவர் அந்த ஒரு சாவியாலேயே புகழ்பெற்றுவிட்டார். கூட்டமாகச் சாவு விழுந்தால் அடையாளம் காண்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி நடத்துகிறார். கண்டக்டர் அவருக்குப் புரொபசர் என்று பெயர் வைத்திருந்தான். புரொபசர் எங்கே போனாலும் அந்தச் சாவிக் கதையையே பயிற்சியாக வைக்கிறார் என்று தெரிந்ததும் டாக்டரம்மா பல் மருத்துவராகப் பெயர் கொடுத்தார், கண்டக்டர் உதவியாளராக. தையல்காரியை, சொந்தக்காரியாக நடிக்க அனுப்பிவைத்தார்.

பயிற்சி நடந்த இடம் காய்கறி வைக்கிற பழைய குளிர்க்கிடங்கு. படியிறங்கித்தான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு இரும்புக் கதவு, அதற்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். எல்லோரும் உள்ளே வந்ததும் கதவு சாத்தி, தாழ் விழுகிற சத்தம் கேட்டது. கதவே இல்லாத பேருந்தில் காற்று வாங்கிப் பழகிய கண்டக்டருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

புரொபசர் விதிகளைச் சொன்னார். நல்ல குரல், நல்ல கோட்டு. முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் பொய் சொல்லும், பெற்ற தாயே தப்பான பிள்ளையைக் காட்டுவாள். அதனால் பிணங்களின் முகத்துணியை யாரும் விலக்கக் கூடாது. உடலோடு வந்த பொருட்களையும் சொந்தக்காரர்கள் சொல்வதையும் வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து விழும்வரை கதவு திறக்காது. நிஜத்தில் அவசரமும் நெருக்கடியும் எப்படி இருக்குமோ அப்படியே இங்கேயும் இருக்கும்.

“அப்ப உங்களுக்கு மூத்திரம் வந்தாலும் கையெழுத்து வேணுமா சார்?” என்று கண்டக்டர் கேட்டான். புரொபசர் சிரிக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. பிணங்கள் மோசமான பிணங்கள். ஒன்று சொறிந்துகொண்டது. ஒன்று துணிக்குள் கிளுகிளுவென்று சிரித்தது. தடித்த பிணம் ஒன்று குறட்டை விட்டது. கண்டக்டர் காலைத் தட்டி எழுப்பியதும் அது, குளிரில் தூக்கமாவது வரட்டுமே என்று முணுமுணுத்தது. உண்மையில் தனக்குக் கொடுத்த இடம் ஏழாம் நம்பர் என்றும், குளிர்க் காற்றாடிக்கு நேர் கீழே இருக்கிற அந்த இடத்தை ஒரு புண்ணியவான் கேட்டு வாங்கிக்கொண்டான் என்றும், இல்லாவிட்டால் தான் நிஜமாகவே பிணமாகியிருப்போம் என்றும் சொன்னது.

ஏழாம் நம்பர் அசையாமல் கிடந்தது. மார்பு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“இவன் ஒருத்தன்தான் டாக்டரம்மா ஒழுங்கா செத்திருக்கான். முன் அனுபவம் இருக்கும் போல.”

ஏழாம் நம்பரோடு வைத்திருந்த பொருள் பையில்தான் சாவி இருந்தது. புரொபசர் சோம்பேறித்தனமாகப் பழைய பெயரைக்கூட மாற்றாமல் வைத்திருந்தார். சாவிக்கு ஒரு பெட்டகம், பெட்டகத்துக்கு ஒரு பெயர், அதைப் பலகையிலும் எழுதினார்கள். அன்றைக்கு அந்தத் தொழிலாளி பகல் வேலைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லாமல் விடுதியில் படுத்திருந்தான் என்று மேஸ்திரி சொன்னதாகவும் குறிப்பு. குழுவில் இருந்த தீயணைப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டார். நர்ஸ் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். மீதி எல்லாப் பிணத்துக்கும் பெயர் ஏறிவிட்டது. டாக்டரம்மா மட்டும் பேனாவை மூடி வைத்தார்.

“நான் போட மாட்டேன்.”

ஏன் என்று புரொபசர் கேட்டார். சாவி பல் மாதிரி தாடையில் முளைப்பதில்லை, கை மாறும் என்றார் டாக்டரம்மா. அப்படியானால் இது யார் என்று கேட்டார் புரொபசர். அது இன்னும் தெரியவில்லை என்றார் இவர். தெரியாத பதிலுக்காக ஒரு குழுவையே உட்கார வைக்க வேண்டுமா என்று புரொபசர் புன்னகைத்து, நாற்காலியில் சாய்ந்து, காத்திருக்கத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நேரம் நகரவில்லை, குளிர்தான் நகர்ந்தது. காலில் ஆரம்பித்து முழங்காலுக்கு வந்தது. சொந்தக்காரர்களாக நடிக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நர்ஸ் தன் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்றாள். முதலில் கெஞ்சலாகச் சொன்னாள், பிறகு கோபமாகச் சொன்னாள். தீயணைப்பு அதிகாரி, கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் காட்டுங்கள் அம்மா என்றார். பிணங்கள் எழுந்து உட்கார்ந்து பல்லைக் கிட்டித்துக்கொண்டு டாக்டரம்மாவை முறைத்தன. ஏழாம் நம்பர் மட்டும் காற்றாடிக்குக் கீழே படுத்தே இருந்தது.

கண்டக்டர் ஒரு மூலையில் பெஞ்சில் குந்தியிருந்தான். சுவர்கள் கிட்டே வருகிற மாதிரி இருந்தது. ஆயிரம் பேர் நெருக்குகிற பேருந்திலும் மூச்சு முட்டாதவனுக்கு இங்கே முட்டியது. தையல்காரியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் ஒருத்திதான் குளிரைக் கவனிக்காமல் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தாலும் அவன் எழுந்துபோய் டாக்டரம்மாவின் காதருகே குனிந்தான்.

“போட்டுடுங்க டாக்டரம்மா. பயிற்சிதானே. வெளிய போய் வேற வழி பாப்போம்.”

“அன்னிக்கும் யாராவது இப்படித்தான் சொல்லியிருப்பாங்க, கண்டக்டர்.”

அவனுக்கு முதுகு சில்லிட்டது. இந்தத் தடவை காற்றாடியால் இல்லை.

நிற்க முடியாமல் டாக்டரம்மா நடந்துபோய் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சட்டென்று மறுபடி எழுந்தார். பெஞ்சை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். தள்ளி வேறொரு இடத்தைத் தொட்டார். மறுபடி அங்கேயே தொட்டார்.

“இந்த இடம் மட்டும் சூடா இருக்கு.”

“நான் உக்காந்த சீட்டு. பஸ்ல அப்படித்தான். காலி சீட்டு சூடா இருந்தா, இப்பத்தான் ஒருத்தன் எறங்கியிருக்கான்னு அர்த்தம். அப்படிப் பாத்தே எத்தனையோ டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்சிருக்கேன்.”

டாக்டரம்மா தையல்காரியை அருகே கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அன்றைக்குச் சொன்னதை இங்கே இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். தம்பி போனில் என்ன குறை சொல்லுவான்?

“வேற ஒரு குறையும் சொல்ல மாட்டான். எப்பப் படுத்தாலும் கட்டில் சூடா இருக்குக்கான்னு மட்டும் சொல்லுவான். தகரக் கூரையா இருக்கும், தண்ணி தெளிச்சுக்கடான்னு நான் சொல்லுவேன்.”

“கூரை சூடு இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா. “ஆள் சூடு.”

அவர் புரொபசரின் மேசைக்கு வந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று நிதானமாகச் சொன்னார். அந்த விடுதியில் ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள் இல்லை. ஒருவன் பகலில் வேலை பார்த்து இரவில் தூங்குவான். இன்னொருவன் இரவில் வேலை பார்த்துப் பகலில் தூங்குவான். ஒருவன் எழுந்ததும் அடுத்தவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். கட்டில் ஒன்று, பெட்டகம் ஒன்று, சாவியும் ஒன்று. யார் படுக்கிறானோ அவன் கையில் சாவி. கம்பெனி பெயர் எழுதி வைத்தது பகல்காரனுக்கு மட்டும். இரவுக்காரனை ஏஜெண்டு கொண்டுவந்தான், அவனுக்குப் பெயர் கிடையாது. தீ பிடித்தது மத்தியானம்.

“மத்தியானத்துல அந்தக் கட்டில்ல தூங்கறவன் யாரு சார்? பகல் வேலைக்காரனா?”

தீயணைப்பு அதிகாரி வாயில் வைத்திருந்த விரலை எடுத்தார். நர்ஸ் குழந்தையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள்.

புரொபசர் அசரவில்லை. கதை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் ஒரு ஓட்டை. “சாவி இரவுக்காரன் கையில இருந்துச்சுன்னா, பகல்காரன் எங்க? அவன் உயிரோட இருக்கணும் இல்ல? இந்த ரெண்டு வருஷமா ஏன் வரல? அவனைக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்.”

அவ்வளவுதான் என்று கண்டக்டருக்குத் தோன்றியது. நல்ல கேள்வி. பதில் இல்லாத கேள்வி. தையல்காரியின் தோள் இறங்குவதைப் பார்த்தான்.

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். “காலையில வாசல்ல நீ என்ன சொன்ன?”

“நானா? பொணத்துக்கு மட்டும் ஐடி கேக்கலன்னு…”

“அப்புறம் உள்ள வந்து?”

“ஒருத்தன்தான் ஒழுங்கா செத்திருக்கான், முன் அனுபவம் இருக்கும்…” கண்டக்டர் பாதியில் நிறுத்தினான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே இப்போதுதான் கேட்டான்.

“அட்டையே இல்லாத ஒருத்தன் இந்தக் கதவுக்குள்ள வரணும்னா எப்படி வருவான்? வந்தவன், எவனும் படுக்காத இடத்தை எதுக்குக் கேட்டு வாங்குவான்? அவனுக்கு வேண்டியது எடம் இல்ல, நம்பர். ஊர் ஊரா சாவியோட வர்ற நம்பர்.” டாக்டரம்மா காற்றாடிக்குக் கீழே போய் நின்றார். “எந்திரிங்க. ரெண்டு வருஷம் படுத்தது போதும்.”

ஏழாம் நம்பர் கையை ஊன்றி மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. முகத்துணி மடியில் விழுந்தது. மெலிந்த ஆள், குளிரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தடித்த பிணம் ஓரடி தள்ளி உட்கார்ந்தது.

“பலகையில எழுதியிருக்கற பேரு என்னோடதுங்க,” என்றான் அவன். “நான் வந்தேன் சார். பல தடவை வந்தேன்.”

மனைவிக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்ததும், மேஸ்திரி லீவு கொடுக்க மாட்டான் என்று சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் கிளம்பிவிட்டதாகச் சொன்னான். பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது விடுதி இல்லை, தானும் இல்லை. கம்பெனி வாசலில், நீ செத்துவிட்டாய், பேசாமல் போய்விடு என்றார்கள். சர்க்கார் அலுவலகத்தில், டாக்டர் மாற்றி எழுதினால்தான் உண்டு என்றார்கள். அந்த டாக்டரான புரொபசரின் அலுவலகத்தில், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வேலை கிடையாது, வாடகைக்கு வீடு கிடையாது, பெற்ற பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா ‘காலமானவர்’.

“இவன் யாரோ நடிக்கிறான்,” என்றார் புரொபசர். குரலில் பழைய மினுக்கு இல்லை.

“நடிக்கத்தானே கூப்பிட்டீங்க சார்,” என்றான் அவன்.

தையல்காரி அவன் முன்னால் வந்து மண்டியிட்டாள்.

“உங்க கட்டில்ல பகல்ல படுத்தது… அவன் பேரு என்னங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேர் கேட்டுக்கொள்ளவே இல்லை என்றான். பேசிக்கொள்ள நேரம் இருந்ததில்லை. “அண்ணே, எந்திரிண்ணேம்பான். சாயங்காலம் நான் போயி, தம்பி எந்திரிப்பாம்பேன். மூஞ்சிகூட அரைத் தூக்கத்துல பாத்ததுதான்.” அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவனாக நிமிர்ந்தான். “சாவி தொலையக் கூடாதுன்னு தலகாணி உறைக்கு உள்பக்கமா ஒரு சின்னப் பை தச்சு வெச்சான். நல்ல கைங்க. ரெண்டு ஓட்டம் ஓட்டித் தச்சிருந்தான். எங்கக்கா ஒத்தை ஓட்டம் ஓட்டினா அடிப்பாம்பான்.”

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எல்லாம் வாய்ப்பேச்சு,” என்று புரொபசர் எழுந்தார். கதவை இரண்டு தட்டு தட்டினார். பயிற்சி முடிந்தது என்றார். தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டதுமே ஜனம் முண்டியடித்துப் படியேறியது. காவலாளி ஒவ்வொருவருக்கும் அட்டையைத் திருப்பிக் கொடுத்து வெளியே விட்டான். பிணங்கள் வாசலில் கழற்றி வைத்திருந்த சட்டைகளிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுப் போயின. கண்டக்டருக்குப் படியின் மேலே வெயில் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் காற்று. ஆனால் கால் நகரவில்லை, ஏனென்றால் டாக்டரம்மாவும் தையல்காரியும் கீழேயே நின்றார்கள்.

ஏழாம் நம்பர் கதவடியில் வந்து நின்றான். காவலாளி கை நீட்டினான்.

“அட்டை?”

“இல்லீங்க.”

“அட்டை இல்லாம வெளிய விட முடியாது. உள்ள எப்படி வந்த?”

“செத்தவனா வந்தேன்.”

காவலாளி விளையாடாதே என்றான். போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றான். இந்த ஆளைத் தெரிந்தவர் யாராவது பொறுப்பேற்றால் விடலாம், இல்லாவிட்டால் இல்லை என்று கதவை மறித்து நின்றான். டாக்டரம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கண்டக்டர் அவரைப் பார்த்தான். அவர் புரொபசரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரொபசர் கோட்டுப் பையில் கை விட்டபடி, கதவுக்கு ஓரடி முன்னால் நின்றிருந்தார். வெளியே போக அவருக்குத் தடை இல்லை. ஆனால் தாண்டிப் போக வேண்டுமானால் அந்த ஆளைத் தாண்ட வேண்டும், தாண்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தார். முகம் பொய் சொல்லும் என்று காலையில் சொன்னவர், அதை வெகுநேரம் பார்த்தார்.

“மழையில நின்னீங்க,” என்றார் கடைசியில். “என் ரூமுக்கு வெளிய, கண்ணாடிக் கதவுகிட்ட. சாயங்காலம் நான் கிளம்பற வரைக்கும் நின்னீங்க.”

“ஆமாங்க.”

புரொபசர் காவலாளியிடம் திரும்பினார். “எனக்கு இவரைத் தெரியும். ரெண்டு வருஷமா தெரியும்.” பலகையில் இருந்த பெயரைச் சொன்னார். முழுப்பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

காவலாளி விலகினான். ஏழாம் நம்பர் நகரவில்லை. தையல்காரி புரொபசரின் எதிரே வந்து நின்றாள்.

“அப்ப அவர் பேர் போட்ட குழியில இருக்கறது என் தம்பி.”

“ஆமாம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். ஏழாம் நம்பர் தோளில் கிடந்த வெள்ளைத் துணியைக் காவலாளியின் மேசைமேல் மடித்து வைத்துவிட்டு, “வாங்கக்கா, எடம் எனக்குத் தெரியும். என் பேரு போட்டிருக்குன்னு ஒரு நாள் போய்ப் பாத்தேன்” என்றான்.

அவள் முதல் படியில் காலை வைத்தாள். கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டு, பழைய பழக்கத்தில் மெல்லச் சொன்னான்.

“போலாம், ரைட்.”